ஆண்டறிக்கையில் அம்மாவின் சீலை

கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடும், அதை இன்டர்நெட்டில் ஏற்றுவதுதான் என் வேலை என்று முதன்முதலில் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

"யாரு அத வாசிப்பாங்க?"

"பங்கு வாங்கினவங்க."

"அவங்க வாசிக்கிறாங்களா?"

"எங்க வாசிக்கிறாங்கம்மா! லாபம் எவ்வளவுன்னு ஒரு பக்கத்தப் பாத்துட்டு மூடிருவாங்க. ஆனா போடாம விட்டா சட்டப்படி குத்தம்."

அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். வழக்கம்போல உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான். "அப்ப ஒருத்தரும் பாக்காத ஒண்ணுக்குத்தான் கொழும்பு வரைக்கும் போயி கஷ்டப்படுற" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

எங்கள் ஆபீஸ் கொழும்பில் ஒரு ஃபார்மசிக்கு மேலே, இரண்டாம் மாடியில். மொத்தம் ஆறு பேர். கம்பெனிகள் தங்கள் ஆண்டறிக்கையை அச்சுக்கு அனுப்பும்போது எங்களுக்கும் அனுப்பும். தலைவரின் கடிதம், பணிப்பாளர்களின் படங்கள், அதற்குப் பிறகு முடிவே இல்லாத அட்டவணைகள் என்று எல்லாவற்றையும் பிரித்து, போனில்கூடப் பார்க்கும்படி இணையப் பக்கங்களாக ஆக்கிக் கொடுப்போம். முழுப் புத்தகமும் வேண்டுமென்பவர்களுக்காக ஓரத்தில் ஒரு பிடிஎஃப் கோப்பு இருக்கும். பங்குச் சந்தைக்கு அறிக்கை போகிற அதே நேரத்தில் எங்கள் பக்கமும் திறக்க வேண்டும். முந்தினாலும் வம்பு, பிந்தினாலும் வம்பு. ஒருமுறை திறந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடக்கூடாது. ஏதோ கள்ளக் கணக்கைத் திருத்துகிறோம் என்று நினைத்துவிடுவார்களாம். மே மாதம் தொடங்கினால் ஆகஸ்ட் வரை எங்களுக்கு ஞாயிறும் கிடையாது, போயா பௌர்ணமி லீவும் கிடையாது.

படங்களை வெட்டுவதும் என் பொறுப்புதான். அச்சுப் புத்தகத்தில் படங்கள் இரண்டு பக்கத்துக்கும் பரந்து கிடக்கும். போனுக்கு அது சரிவராது. நடுவில் ஒரு ஆளை வைத்து, இரண்டு பக்கமும் வெட்டி, நீளவாக்கில் ஒடுக்க வேண்டும். ஓரத்தில் யார் நின்றாலும் எடுத்துவிடலாம். சீசனில் ஒரு நாளைக்கு அறுபது எழுபது படம் வெட்டுவேன். ஆளைப் பார்க்க மாட்டேன், அளவைத்தான் பார்ப்பேன். கை பழகிவிட்டது.

அம்மா தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். விடியற்காலையில் வேலையாட்கள் கூடுகிற பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிகிற பாலை வாளியில் சேர்த்து, சரிவில் இறங்கி வந்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு மழை நாளில் இரண்டு வாளியோடும் வழுக்கி விழுந்தாள். முன்பல் இரண்டும் போய்விட்டன. அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்து சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு வரும், கை வாய்க்குப் போகும். பல் கட்டலாம் என்று நான் கெஞ்சாத கெஞ்சு இல்லை. "யாரு என்னையப் பொண்ணு பாக்க வர்றா, போடி" என்பாள். என்னுடைய போனில் அம்மாவின் படங்கள் இருபதாவது இருக்கும். எல்லாவற்றிலும் முதுகு, அல்லது கை, அல்லது இழுத்து மூடிய முந்தானை. முகம் ஒன்றில்கூட இல்லை.

அதனால்தான் அந்தப் படம் எனக்கு அவ்வளவு பெரிதாகப்பட்டது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், எங்கள் தோட்டத்தை நடத்துகிற கம்பெனியின் ஆண்டறிக்கை எங்கள் ஆபீசுக்கு வந்தது. எனக்கு அதில் தனி உற்சாகம் எல்லாம் இல்லை. மற்ற கம்பெனிகளைப் போலவே இதையும் வெட்டி, ஒட்டி, அட்டவணைகளைச் சரிபார்த்து முடித்தேன். திறப்பதற்கு முந்தின நாள் பக்கங்களைக் கடைசியாக ஓட்டிப் பார்க்கிறேன், 'எமது மக்களே எமது பலம்' என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் மஞ்சள் சீலை. பச்சைக் கரை போட்ட மஞ்சள். என் முதல் சம்பளத்தில் அவிசாவளையில் நான் வாங்கிக் கொடுத்த சீலை! தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரத்தோடு ஒட்டி, பக்கவாட்டாக நின்று பட்டையைச் சீவுகிறாள். கன்னமும், மூக்கின் நுனியும், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும். கை வாய்க்குப் போகவில்லை.

நான் ஆபீசில் கத்தியே விட்டேன். "மகே அம்மா! மகே அம்மா!", என் அம்மா என்று சிங்களத்தில் ஐந்து பேருக்கும் காட்டினேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அம்மா வேலைக்குப் பழைய சீலையைத்தான் கட்டுவாள். ரப்பர் பால் ஒரு சொட்டு பட்டால் போதும், கறுத்து ஒட்டிக்கொண்டு எந்தச் சோப்புக்கும் போகாது. அப்படியிருக்க, நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் பூசைக்கு மட்டும் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகிற சீலையோடு மலையில் ஏன் நிற்கிறாள் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. படம் பிடிக்க ஆள் வந்தால் கலர் சீலை கட்டிக்கொண்டு வாருங்கள் என்று பிரட்டில் சொல்வார்கள், தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த நத்தாருக்கு வீட்டுக்குப் போனதும் போனதுமாய்ப் போனை அம்மாவின் கையில் கொடுத்தேன். "இந்தா பாருங்க, அமெரிக்காவுல இருக்கிறவன்கூட உங்கள பாக்கலாம்."

அம்மா போனைத் தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள். பிறகு பெருவிரலால் படத்தின் ஓரத்தை மெதுவாக ஒதுக்கினாள், திரைச்சீலையைத் தள்ளிப் பார்க்கிறவள்போல. "தள்ளாதீங்கம்மா, பக்கம் போயிரும்" என்றேன். "போயிருமா?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள்.

"சீல நல்லா விழுந்திருக்கு. நீ வாங்கிக் குடுத்ததுன்னு பாத்தவொடனே தெரியுது."

அவ்வளவுதான் சொன்னாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தப் பக்கம்தான் எனக்குத் துணை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கொழும்பில் எனக்கு ஆள் இல்லை. போர்டிங் வீட்டு அம்மா நல்லவர், அவரோடு சிங்களம். ஆபீசில் சிங்களமும் இங்கிலீஷும். நாள் முழுக்கத் தமிழில் நான் பேசுவது அம்மாவோடு போனில் பேசுகிற பத்து நிமிஷம்தான். ஞாயிற்றுக்கிழமை பகலில் அறையில் உட்கார்ந்திருந்தால் வீட்டு ஞாபகம் வந்துவிடும். அப்போது அந்தப் பக்கத்தைத் திறப்பேன். அம்மா மரத்தோடு நிற்பாள். பார்த்தால் கொஞ்சம் ஆறும். ஆறிவிடுவதால் பஸ் ஏற மாட்டேன். தெஹியோவிட்டவுக்கு என்ன, மிஞ்சிப் போனால் மூன்று மணி நேரம். அதைப் போகாமல் இருக்க ஒரு படம் போதுமாக இருந்தது எனக்கு.

போன வருஷ சீசனில், ஒரு மத்தியானம், சின்னம்மா போன் எடுத்தாள். சின்னம்மா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. லயத்தில் எங்களுக்குப் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில் இருப்பவள், அம்மாவோடு ஒரே மலையில் பால் வெட்டுபவள், அம்மாவைவிட இரண்டு வயது இளையவள்.

"பாப்பா, வேலைய விட்டுட்டு உடனே வா."

"என்ன சின்னம்மா? அம்மாவுக்கு என்ன?"

"வா பாப்பா."

குரலிலேயே தெரிந்துவிட்டது. மலையிலிருந்து வந்த அம்மா, கை கால் கழுவி, வாசற்படியில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். மூன்று மாதமாக "அடுத்த கிழமை வர்றேன்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால் தோட்டத்துச் சந்தியில் படம் போட்ட பேனர் கட்ட வேண்டும். பேனர் இல்லாத சாவு நாதியற்ற சாவு. அதை அடிக்கிற கடை தெஹியோவிட்டவில். முகம் தெரிகிற படம் ஒன்று வேண்டும் என்றார்கள். அம்மாவின் அடையாள அட்டையில் எப்போதோ ஈரம் பட்டு, முகம் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறைதான் மிச்சம். நான் கம்பெனியின் பக்கத்தைப் போனில் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரர் கண்ணைச் சுருக்கினார். "அனே நங்கி, நேராகப் பார்க்கிற படம் இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார். இதுதான் இருக்கிறது, இதையே பெரிதாக்குங்கள் என்றேன். தலைத்துணியும் கன்னமும் உதட்டோரச் சிரிப்புமாக ஆள் உயரத்துக்கு அடித்துக் கொடுத்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. எனக்கு அழுகையிலும் ஒரு பெருமை. எங்கள் தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் இவ்வளவு அழகான படம் கட்டியதில்லை என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு அந்த மஞ்சள் சீலையையே கட்டிவிட்டோம். சின்னம்மாதான் கட்டினாள். கொசுவத்தை மடிக்கும்போது பார்த்தேன், சீலையில் ஒரு பால் கறைகூட இல்லை. எவ்வளவு பக்குவமாக வைத்திருந்திருக்கிறாள் என்று இன்னும் அழுதேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது அந்தப் படத்தில் இரண்டு பிரதி எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். ஒன்று எங்கள் காம்பராவுக்கு, ஒன்று சின்னம்மாவுக்கு. பூசை முடிந்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, சந்தியில் கட்டியிருந்த பேனரையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். படத்தைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"பாப்பா, இத என் வீட்டுல மாட்ட முடியாதுடி."

"ஏன் சின்னம்மா?"

"உசுரோட இருக்கிறவ படத்துக்கு எப்படி மால போடுறது?"

எனக்கு விளங்கவில்லை. சின்னம்மா எழுந்து கொடியில் கிடந்த துணியை எடுத்து, மலைக்குப் போகிறபோது கட்டுகிற மாதிரித் தலையில் கட்டினாள். வாசலோரம் போய் வெளிச்சத்துக்குப் பக்கவாட்டாகத் திரும்பி நின்றாள்.

"பாரு."

அட கடவுளே! அந்தக் கன்னம். அந்த மூக்கு நுனி. நான் ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்து ஆறுதல் அடைந்த முகம் என் எதிரே மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது.

"அந்தச் சீல..."

"சீல உங்கம்மாவோடதுதான். கலர் சீல கட்டிட்டு வரச் சொன்னாங்க, உங்கம்மா அதக் கட்டிட்டு வந்துச்சு. மொதல்ல உங்கம்மாவத்தான் நிக்க வச்சாங்க. போட்டோக்காரரு சிரிங்க அம்மா, சிரிங்க அம்மாங்கிறாரு. இது சிரிக்கும், கைய வாயில வைக்கும். கைய எடுங்கன்னா எடுக்கும், சிரிப்பு வந்தா திரும்ப வைக்கும். கூட நின்ன தோட்டத்து ஐயாவுக்குக் கோவம் வந்துருச்சு, நேரம் போகுதுன்னு. அப்பறம் உங்கம்மாவே, 'இவள எடுங்கய்யா, இவளுக்குப் பல்லு வரிசையா இருக்கு'ன்னுச்சு. நாங்க ரெண்டு பேரும் பால் நிறுக்கிற கொட்டகைக்குப் பின்னால போயி சீலைய மாத்திக்கிட்டோம்."

"அம்மாகிட்ட நான் போன்ல காட்டினேனே. அவங்க ஒண்ணும் சொல்லலையே."

"எங்கிட்ட வந்து சொல்லுச்சு. 'புள்ள ஆசையாக் கொண்டாந்து காட்டுது, நான் எப்படிடி இல்லன்னு சொல்றது'ன்னு. நீ போனதுக்கப்பறம் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"பேனர் கட்டினப்பவாவது நீங்க சொல்லியிருக்கலாமே!" என்று நான் கத்தினேன். யாரிடம் கத்துகிறோம் என்ற அறிவே இல்லாமல் கத்தினேன்.

"ஊரே வந்து எங்கிட்டக் கேட்டுச்சு. எம்மகன் அவுத்து வீசுறேன்னு நின்னான். நான்தான், வாயத் தொறந்தீங்க கொன்னுருவேன், புள்ள தனியா நிக்குதுன்னு சொன்னேன்." தலைத்துணியை அவிழ்த்தாள். "ஒரு மாசமா அந்த பேனருக்குக் கீழதான் வேலைக்குப் போனேன். அதுக்கென்ன? காலையில எனக்கே ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனேன்."

அவள் என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற தாயை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடையில் வாங்கிய துணியைத்தான் அடையாளம் தெரிந்தது. அதைக் கொண்டுபோய்ச் சந்தியில் வேறு கட்டியிருக்கிறேன்.

நான் கிளம்பும்போது சின்னம்மா முச்சக்கரவண்டி வரை வந்தாள். "ஆனா உங்கம்மாவும் அந்தப் படத்துல இருக்கணுமே பாப்பா. எனக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு. 'பால் படாமப் பாருடி, மக வாங்கிக் குடுத்த சீல'ன்னு கத்திக்கிட்டே."

மறுநாள் காலையில் ஆபீசுக்கு எல்லோருக்கும் முன்னால் போனேன். கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் இருந்த பிடிஎஃப் கோப்பை இறக்கினேன். ஆறு வருஷத்தில் அதை நான் திறந்ததே இல்லை. எனக்குத்தான் என் பக்கம் இருந்ததே. அட்டை, உள்ளடக்கம், தலைவர், பணிப்பாளர்கள். பிறகு 'எமது மக்களே எமது பலம்'. படம் இரண்டு பக்கத்துக்கும் பரந்து கிடந்தது. நடுவில் மஞ்சள் சீலையோடு சின்னம்மா. இடது ஓரத்தில், இரண்டு மரம் தள்ளி, வெளிறிப்போன நீலச் சீலையில் ஒருத்தி. காலடியில் வாளி. தோளைக் குறுக்கிக்கொண்டு, கை வாயில். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அந்தக் கையைக் காட்டி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் பழைய வேலைக் கோப்பையும் திறந்தேன். வெட்டுக்கோடு இன்னும் அப்படியே இருந்தது. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில், நேராக, சுத்தமாக. கம்பெனி வெட்டவில்லை, போட்டோக்காரர் வெட்டவில்லை. நான்தான் வெட்டியிருந்தேன். அம்மா பெருவிரலால் ஓரத்தை ஒதுக்கித் தேடியது இதைத்தான். நான் தள்ளாதீங்க என்றேன்.

திறந்த பக்கத்தைத் தொடக்கூடாது. மேலாளரிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன், அவர் என்ன சொல்வார் என்று தெரியும், கேட்கவில்லை. அந்தப் பக்கம் இன்றைக்கும் அம்மா இல்லாமல்தான் இருக்கிறது. பிடிஎஃப்பில் இருக்கிற அம்மாவைப் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைந்துவிடுகிறாள். பெரிதாக்காமல், இருக்கிற அளவிலேயே பார்த்தேன். வெளியே ஃபார்மசியின் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. சின்னம்மாவுக்குப் போன் எடுத்தேன். மலையில் இருந்தாள், மூச்சு வாங்கியது.

"சின்னம்மா, அம்மா இருக்காங்க. ஓரத்துல இருக்காங்க."

"நான் சொன்னேன்ல! மூஞ்சி தெரியுதா?"

"இல்ல. கையால வாயப் பொத்திக்கிட்டு இருக்காங்க."

சின்னம்மா வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பன்னா சிரிக்குது பாப்பா" என்றாள்.